வீட்டுக் கராஜும் கைக்கருவிகளும்



பாடசாலை அதிபர் ஒருவர், அதுவும் கலைப் பட்டம் பெற்றவர், ஸ்பானரைப் பற்றியும் ஜாக்கைப் பற்றியும் வானொலியிற் பேச வருவது நேயர்களுட் சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். இவை பொறியியலாளர் பேசவேண்டிய விடயங்கள் என்று அவர்கள் எண்ணலாம். ஆனால், இப்பேச்சு பொறியியலாளருக்காக அமைந்ததன்று. கடனோ சேமிப்போ கொண்டு ஒரு பழைய காரை வாங்கி, அதனைப் பிள்ளைபோற் பேணி, பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் ஓட்டிச் செல்லுகின்ற சாதாரண குடும்பத்தினருக்காகவே இதனை அமைத்துக்கொண்டேன். அத்தகைய குடும்பமொன்று தன் வீட்டு முற்றத்திலோ கொட்டகையிலோ சிறு திருத்த வேலைகளைத் தானே செய்துகொள்ள விரும்பின், எக்கருவிகளை வாங்க வேண்டும், எவ்வொழுங்கில் வாங்க வேண்டும், வாங்கும்பொழுது எதனை நோக்க வேண்டும் என்பனவே இன்று ஆராயப்படுவன.

இதனை இப்பொழுது ஆராய்வதற்குக் காரணம் உண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இவ்விரண்டுக்கும் இடையில், 2022 ஆம் ஆண்டில், 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலரின் விலை சில வாரங்களுள் 350 ரூபாவையும் கடந்து சென்றது. தடை நீங்கிய பின்னரும், வரியுடன் சேர்த்துப் புதிய கார் ஒன்றின் விலையைக் கேட்டவர்கள் பேசாது வீடு திரும்பினர். இதன் விளைவாக, பத்து ஆண்டில் விற்றுவிட எண்ணியிருந்த காரை இருபது ஆண்டுக்கு ஓட்டவேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டது. வயது முதிர்ந்த காருக்கு வயது முதிர்ந்த மனிதரைப்போல அடிக்கடி சிறு கவனிப்புகள் வேண்டும். அச்சிறு கவனிப்புகளுக்கெல்லாம் கூலி கொடுக்க எல்லாராலும் இயலாது.

எனினும், முதலிலே ஓர் எல்லையை வகுத்துக்கொள்வது அறிவுடைமை. சில்லு மாற்றுதல், பற்றரியைக் கழற்றிப் பூட்டுதல், தீப்பொறிச் செருகிகளாகிய பிளக்குகளை மாற்றுதல், காற்றுவடியைத் துப்புரவு செய்தல், விளக்குக் குமிழ்களை மாற்றுதல், பழகியபின் எஞ்சின் ஒயிலை மாற்றுதல் ஆகியன வீட்டில் நன்கு செய்யத்தக்கவை. பிரேக் எண்ணெய்க் குழாய்களும், சுக்கானின் மூட்டுகளும், விபத்தின்போது விரிகின்ற காற்றுப்பையும் அவ்வாறானவையல்ல. அவற்றைத் தக்க பயிற்சியுடையோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இன்று எமது தெருக்களிற் பெருகியுள்ள ஹைபிரிட் கார்கள் பலவற்றில் இருநூறு வோல்ற்றும் அதற்கு மேலும் மின்னழுத்தம் உண்டு. அம்மின்சாரத்தைத் தாங்கிச் செல்லும் கம்பிகளுக்குச் செம்மஞ்சள் நிற உறை இட்டிருப்பார்கள். அந்நிறத்தைக் கண்ட இடத்திற் கையை எடுத்துவிட வேண்டும். வீட்டுக் கருவிப் பெட்டிக்கு அவ்விடத்தில் வேலை இல்லை.

இனிக் கருவிகளுக்கு வருவோம். காரின் திருத்த வேலையிற் பெரும்பகுதி, போல்ட்டையும் நட்டையும் தளர்த்துவதும் இறுக்குவதுமே ஆகும். ஆகையால் ஸ்பானரே முதற் கருவி. ஸ்பானரை வாங்கப் போகுமுன், எம் கார் எந்த அளவுமுறைக்கு உரியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதிலேதான் புதிதாக வாங்குவோர் பெரிதும் இடர்ப்படுகின்றனர்.

அளவுமுறைகள் மூன்று என்று கொள்ளலாம். 1841 ஆம் ஆண்டில் ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபட்டிருந்த திருகாணிப் புரிகளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். அவர் பெயரால் வழங்கும் முறையே பழைய பிரித்தானிய இயந்திரங்களிற் காணப்படுவது. இம்முறையில் ஸ்பானரிற் பொறித்திருக்கும் எண், அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று. அது பொருந்தும் ஆணித்தண்டின் பருமனையே குறிக்கும். ஆகையினாலேயே, 1/4 என்று பொறித்த விட்வேர்த் ஸ்பானரின் வாய் அரை அங்குலத்திலும் சற்று அகன்றிருக்கும். இதனை அறியாதவர் ஏதோ பிழையென்று மயங்குவர். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்கப் புரியும் பிரித்தானியப் புரியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையால், நேச நாடுகள் தமது இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதிற் பெரும் இடர் அடைந்தன. அவ்வனுபவத்தின் பயனாக 1948 ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் பொதுப் புரியொன்றை ஏற்றுக்கொண்டன. இம்முறையில் ஸ்பானரின் எண், நட்டின் எதிரெதிரான இரு தட்டைப் பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அங்குலத்திற் கூறும். மூன்றாவது மில்லிமீற்றர் முறை. இக்கால ஜப்பானிய, இந்திய, ஜேர்மனியக் கார்கள் இம்முறைக்கு உரியவை.

எமது நாட்டில் இம்மூன்றும் அருகருகே வாழ்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் கார்களை இன்றும் எம் தெருக்களிற் காணலாம். அக்காருக்கான உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கையிற் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலையும் 1990களில் இயங்கியது. யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களாகப் பல்லாண்டு உழைத்த ஒஸ்ரின் கார்களை அறியாத முதியவர் வடக்கில் இலர். அவற்றின் பக்கத்திலேயே ஜப்பானியக் காரும் இந்தியக் காரும் நிற்கின்றன. ஒரே முற்றத்தில் தந்தையின் பழைய மொரிஸும் மகனின் சுசுகியும் நின்றால், ஒரே ஸ்பானர்த் தொகுதி இரண்டுக்கும் போதாது.

எத்துணை வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அந்த நட்டில் 13 மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டால் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால், இறுகிப்போன நட்டைப் பலங்கொண்டு திருப்பும்பொழுது, அவ்விடைவெளியின் காரணமாக ஸ்பானர் நட்டின் தட்டைப் பக்கத்தைப் பற்றாது மூலைகளை மாத்திரம் பற்றும். மூலைகள் தேயும், நட்டு உருண்டையாகும், ஸ்பானர் வழுக்கும், கை முட்டி அயலிலுள்ள இரும்பில் மோதிக் கிழியும். இதற்கு மாறாக, முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர் ஆதலால், 19 மில்லிமீற்றர் ஸ்பானர் அதற்கு ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். எங்கே ஒன்றுக்கு மற்றொன்று உதவும், எங்கே உதவாது என்பதை இவ்வாறு ஒரு தாளிலே கணக்கிட்டு, கருவிப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்தல் நன்று.

ஜப்பானியக் கார் வைத்திருப்போருக்கு 8, 10, 12, 14, 17, 19 ஆகிய மில்லிமீற்றர் அளவுகளே பெரும்பாலும் போதுமானவை. இவற்றுள் 10 மில்லிமீற்றர் ஸ்பானருக்கே வேலை அதிகம். பற்றரி முனையிலும் அதுவே வேண்டும். எளிதிற் காணாமற் போவதும் அதுவே. அதனை மாத்திரம் இரண்டாக வாங்கிக்கொள்ளலாம். ஐரோப்பியக் கார்களுக்கு இவற்றோடு 13 மில்லிமீற்றரும் வேண்டியிருக்கும்.

ஒரு முனை திறந்தும் மறுமுனை வளையமாகவும் அமைந்த ஸ்பானர்களே வீட்டுக்கு ஏற்றவை. இறுகிய நட்டைத் தளர்த்தும்பொழுது வளைய முனையைப் பயன்படுத்த வேண்டும். அது நட்டின் மூலைகள் எல்லாவற்றையும் சுற்றிப் பற்றுவதால் வழுக்காது. தளர்ந்த பின்னர் விரைவாகச் சுழற்றுவதற்குத் திறந்த முனை உதவும். திறந்த முனையின் தலை, கைப்பிடிக்கு நேராக இராது 15 பாகை சாய்ந்திருப்பதைப் பலர் கண்டிருப்பர், காரணத்தைச் சிந்தித்திருக்கமாட்டார்கள். நெருக்கமான இடத்தில், ஒருமுறை திருப்பியதும் ஸ்பானரைப் புரட்டிப் போட்டால், கைப்பிடி அசைவதற்கு முப்பது பாகை இடம் இருந்தாலே நட்டைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டு போகலாம். கேத்திரகணிதம் பரீட்சைக்கு மாத்திரம் உரியதென்று கருதும் மாணவனுக்கு இதனைக் காட்டிப் பாருங்கள்.

ஸ்பானருக்கு அடுத்தது சொக்கெட் தொகுதி. கிண்ணம் போன்ற உருளையை நட்டின்மேற் கவிழ்த்து, முன்னும் பின்னும் அசையும் ராச்செற் பிடியினால் திருப்புவது இது. பிடியின் சதுர முனை கால் அங்குலம், முக்காற் பங்கின் பாதியாகிய 3/8 அங்குலம், அரை அங்குலம் என மூன்று அளவுகளிற் கிடைக்கும். மில்லிமீற்றர் சொக்கெட்டுக்கும் இச்சதுரத்தின் அளவு அங்குலத்திலேயே கூறப்படுவது விநோதம். ஒன்றுதான் வாங்க இயலுமாயின் 3/8 அங்குலத்தை வாங்குக. சில்லு நட்டுப் போன்ற பெரியவற்றுக்கு அரை அங்குலம் வேண்டும். ராச்செற்றின் உள்ளே இருக்கும் பற்சக்கரத்தில் 72 பற்கள் இருப்பின், ஐந்து பாகை அசைவுக்கே அடுத்த பல்லைப் பற்றும். 24 பற்களாயின் பதினைந்து பாகை அசைக்க இடம் வேண்டும். பன்னிரண்டு மூலைகளையுடைய சொக்கெட்டைவிட ஆறு மூலைகளையுடையதே தேய்ந்த நட்டையும் நன்கு பற்றும். பிளக்கைக் கழற்றுவதற்கு உட்புறத்தில் இறப்பர் பொருத்திய தனிச் சொக்கெட் உண்டு. அதன் அளவு காருக்குக் கார் வேறுபடும் ஆதலால், கைந்நூலைப் பார்த்து அல்லது பழைய பிளக்கைக் கையிற் கொண்டுபோய் வாங்குதல் வேண்டும்.

திருப்புளிகளைப் பற்றி ஒரு சொல். தட்டை முனையில் இரண்டும், சிலுவை முனையில் இரண்டும் இருந்தாற் போதும். சிலுவை முனைக்கு, 1930களில் அதனைப் பரப்பிய அமெரிக்கரான பிலிப்ஸ் என்பவரின் பெயர் வழங்குகிறது. ஆனால், பழைய ஜப்பானிய வாகனங்களின் திருகாணிகள் பிலிப்ஸ் முறையிற் சிறிது வேறுபட்டவை. பிலிப்ஸ் முனை அவற்றில் ஆழமாக அமராது மேலெழுந்து வழுக்கி, திருகாணியின் தலையைக் கெடுத்துவிடும். அத்தலைகள் பலவற்றில் ஒரு சிறு புள்ளி இட்டிருப்பதைக் காணலாம். ஜப்பானியத் தரத்துக்கு அமைந்த திருப்புளியொன்றை வாங்கி வைத்தால் இத்தொல்லை நீங்கும். திருப்புளியை உளியாகவும் நெம்புகோலாகவும் பயன்படுத்துவது எம்மவரிடத்து உள்ள பழக்கம். நெம்பவேண்டுமாயின் அதற்கென ஒரு நெம்புகோலை வாங்குக.

இவற்றோடு பற்குறடு ஒன்று, கூர்மூக்குக் குறடு ஒன்று, உருண்டைத் தலையுள்ள சுத்தியல் ஒன்று, ரயரின் காற்றழுத்தத்தை அளக்கும் மானி ஒன்று, மின்னழுத்தத்தை அளக்கும் பன்மானி ஒன்று ஆகியன சேர்ந்தால் முதற்படி நிறைவுறும். பன்மானி மிக விலையுயர்ந்ததன்று. காலையிற் கார் இயங்க மறுக்கும்பொழுது, பற்றரியா வேறெதுவா காரணம் என்பதை அது ஒரு நிமிடத்திற் காட்டிவிடும். ஓய்வெடுத்த நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் நிற்கும். 12 வோல்ற்றுக்குக் கீழாயின் அது மிகவும் வலுக்குறைந்துவிட்டது என்று அறியலாம். பற்றரியைக் கழற்றும்பொழுது எதிர்முனையை முதலிற் கழற்றி, பூட்டும்பொழுது அதனை இறுதியிற் பூட்ட வேண்டும். இக்காலக் கார்களில் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையை முதலிற் கழற்றும்பொழுது ஸ்பானர் உடலிற் பட்டால் பெருந்தீப்பொறி எழும். இவ்வொழுங்கின் காரணம் இதுவே.

இனி, வீடுகளிற் பெரும்பாலும் காணப்படாத ஒரு கருவியைக் கூறுகின்றேன். டோர்க் ரெஞ்ச் எனப்படும், முறுக்கத்தை அளந்து இறுக்கும் பிடியே அது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வழியில், ரயரிற் காற்றுப் போய் வெயிலில் நின்றார். ஜாக்கும் இருந்தது, மாற்றுச் சில்லும் இருந்தது. ஆனால், சில நாட்களுக்கு முன்னர் திருத்துமிடமொன்றில் இயந்திரத்தால் அளவின்றி இறுக்கப்பட்ட சில்லு நட்டை அவராலும் அவர் மனைவியாராலும் அசைக்க முடியவில்லை. லொறியொன்றில் வந்த இளைஞர்கள் இறங்கி உதவியிராவிடின் அவர்கள் அந்தி வரை அங்கே நின்றிருப்பார்கள். வலிமையில்லாதவர்களை நடுவழியில் நிறுத்துவதற்கு, அளவுக்கு மிஞ்சிய இறுக்கம் ஒன்றே போதும்.

இதன் கணக்கு எளியது. முறுக்கம் என்பது விசையும் பிடியின் நீளமும் பெருகிய தொகை. சிறிய கார்களின் சில்லு நட்டுக்குப் பொதுவாக 100 நியூற்றன் மீற்றர் அளவிலான முறுக்கம் வேண்டும். சரியான எண்ணைக் காரின் கைந்நூல் கூறும். அரை மீற்றர் நீளமான பிடியின் முனையில், ஏறக்குறைய 20 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையைக் கொடுத்தால் 100 நியூற்றன் மீற்றர் கிடைத்துவிடும். 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 40 சென்ரிமீற்றர் பிடியின்மேல் ஏறி நின்றால், அம்முறுக்கம் ஏறக்குறைய 255 நியூற்றன் மீற்றராகும். வேண்டியதிலும் இரண்டரை மடங்குக்கு மேல்! ஆணி நீண்டு மெலிகிறது, புரி கெடுகிறது, பிரேக் தட்டுக் கோணலாகவும் கூடும். குறைவாக இறுக்கினாலோ சில்லே கழன்று ஓடும். டோர்க் ரெஞ்சில் வேண்டிய எண்ணை வைத்து இறுக்கினால், அவ்வளவை எய்தியதும் ‘கிளிக்’ என்ற ஒலி எழும். அத்துடன் நிறுத்த வேண்டும். அதனை நட்டைத் தளர்த்துவதற்குப் பயன்படுத்தலாகாது. வேலை முடிந்ததும் அதன் எண்ணை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்தால், உள்ளேயுள்ள சுருள்வில் நெடுநாள் பிழைபடாது உழைக்கும்.

இதுவரை கூறியவற்றிற் கவனக்குறைவு பணத்தையும் கைத்தோலையும் இழக்கச் செய்யும். இனிக் கூறப்போவதிற் கவனக்குறைவு உயிரையே இழக்கச் செய்யும். ஜாக் என்பது காரைத் தூக்குவதற்கு உரியது. தூக்கிய காரைத் தாங்கி நிற்பதற்கு உரியதன்று. எண்ணெயழுத்தத்தால் இயங்கும் ஜாக்கின் உள்ளே ஒரு சிறு இறப்பர் வளையமே அழுத்தத்தைக் காத்து நிற்கிறது. அவ்வளையம் கிழியும் நாளை எவரும் முன்னறிய முடியாது. ஜாக்கில் மாத்திரம் நிற்கும் காரின் கீழே ஒருபோதும் உடம்பை நுழைக்கலாகாது. ‘ஒரு நிமிட வேலைதானே’ என்ற எண்ணம் எமது தெருவோரங்களிலும் முற்றங்களிலும் அன்றாடம் காணப்படுகிறது. அது மிகவும் அஞ்சத்தக்கது.

காருக்குக் கீழே வேலை செய்ய வேண்டுமாயின், அதற்கெனச் செய்யப்பட்ட இரும்புத் தாங்கிகள் இரண்டை வாங்குதல் கட்டாயம். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் தாங்கியாகா. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவனபோலத் தோன்றினும், ஒரு புள்ளியிற் பாரம் ஊன்றும்பொழுது அவை முன்னறிவிப்பின்றிப் பிளந்துவிடும். நிலம் தட்டையாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். மணல் முற்றமாயின் அடியில் தடித்த பலகை இடுக. தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்க வேண்டும். தாங்கியின்மேற் காரை அமர்த்திய பின்னர், கீழே நுழையுமுன் பக்கத்தில் நின்று காரைச் சிறிது அசைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது, தாம் காரின் கீழே இருப்பதைச் சொல்லிவிட்டே செல்ல வேண்டும்.

தாங்கியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. 2020 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரிய கருவி வணிக நிறுவனமொன்று, தான் விற்ற தாங்கிகளைத் திரும்பப் பெற்றது. உயரத்தைப் பற்றி நிறுத்தும் பற்கள் முழுமையாகப் பொருந்தாமையால், பாரத்தோடு தாங்கி திடீரென இறங்கிவிடும் அபாயம் அவற்றில் இருந்தது. மாற்றாகக் கொடுக்கப்பட்ட சிலவற்றிலும் ஒட்டுவேலைக் குறை காணப்பட்டது. ஆதலால் தாங்கியை வாங்கும்பொழுது ஒட்டிய இடங்கள் தொடர்ச்சியாகவும் வெடிப்பின்றியும் உள்ளனவா, பற்கள் முழுமையாகப் பொருந்துகின்றனவா, குறுக்கே செருகும் பாதுகாப்பு ஊசி உண்டா என்பவற்றைக் கையாலே தொட்டுப் பார்க்க வேண்டும். கழற்றிய சில்லைக் காரின் விளிம்புக்குக் கீழே படுக்க வைத்தல் இன்னொரு காவல். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

கடைக்குச் செல்வோம். கொழும்பில் பழைய சோனகத் தெருவும் பஞ்சிகாவத்தையும் இவ்வகைப் பொருள்களுக்குப் பேர்பெற்றவை. எந்தக் கடையாயினும் செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. எம் காருக்குரிய புதிய போல்ட்டும் நட்டும் ஒரு சோடியைச் சட்டைப்பைக்குள் எடுத்துச் செல்லுங்கள். ஸ்பானரின் வளையத்தை அதன்மேற் போட்டு அசைத்துப் பாருங்கள். தளர்வு மிகுதியாயின் வேண்டாம். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாய்கள் சரியாகச் சேராது ஒளி புகுமாயின் வேண்டாம். முலாம் பொருக்காக எழுந்திருப்பின் வேண்டாம். ‘குரோம் வனேடியம்’ என்ற சொற்கள் பொறித்திருப்பதை மாத்திரம் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அது நல்ல உருக்கின் பெயர்தான். ஆனால், பெயரைப் பொறிப்பதற்கு உருக்கு வேண்டுவதில்லை, அச்சே போதும். செய்தவர் பெயரும் நாடும் தெளிவாக உள்ளனவா, பழுதுபட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சீட்டில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள்.

நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் அடங்கிய பளபளப்பான பெட்டிகளை அங்கே விரித்து வைத்திருப்பார்கள். அவற்றை எண்ணிப் பாருங்கள். அரைப்பங்குக்கு மேல் சிறிய திருப்புளி முனைகளாக இருக்கும். எமக்கு நாள்தோறும் வேண்டிய 14 மில்லிமீற்றரோ 17 மில்லிமீற்றரோ இல்லாதிருக்கவும் கூடும். துண்டுகளின் தொகையால் மதிப்பிடுவது, பக்கங்களின் தொகையால் நூலை மதிப்பிடுவதைப் போன்றது. மாதந்தோறும் ஒன்றோ இரண்டோ நல்ல கருவியாக வாங்கிச் சேர்ப்பது வரையறுத்த வருமானமுடையோருக்கு ஏற்ற வழி.

எல்லாவற்றையும் உயர்ந்த விலைக்கே வாங்க வேண்டும் என்பதில்லை. எது முறிந்தால் உடம்புக்குத் தீங்கு நேருமோ, அதற்குக் கூடுதலாகச் செலவிடுக. ஜாக், தாங்கி, சில்லு நட்டுக்குரிய சொக்கெட், அடிக்கடி பயன்படும் ஸ்பானர்கள் ஆகியன அவ்வகையின. ஒயில் ஏந்தும் தட்டு, புனல், ஆண்டுக்கு ஒருமுறை வேண்டிய சிறு சாமான் ஆகியவற்றுக்கு மலிவானதே போதும். பேர்மிங்காம், ஷெஃபீல்ட் முதலிய ஊர்ப்பெயர்கள் பொறித்த பழைய கருவிகள் பழஞ்சாமான் கடைகளிற் கிடைத்தால் தயங்காது வாங்கலாம். மேலே துருப்பிடித்திருப்பினும் அவற்றின் உருக்கு நன்று. அளவுமுறையை மாத்திரம் மறவாது நோக்குக.

வாங்கியதைப் பேணுவது அடுத்த கடமை. எமது தீவின் கரையோரங்களிற் கடற்காற்றின் உப்பு இரும்பை விரைவில் அரித்துவிடும். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் துடைத்து, மெல்லிய ஒயில் துணியால் ஒருமுறை தடவி வைத்தால், அவை அடுத்த தலைமுறைக்கும் உதவும். பெட்டியை மூடுமுன் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது எஞ்சினுக்குள் இருக்கலாம். அதனைக் காணும்வரை காரை இயக்க வேண்டாம். அயலவர் இரவல் கேட்டால் கொடுங்கள். ஆனால், ஒரு கொப்பியில் எழுதிக் கொடுங்கள். நட்பும் நிலைக்கும், கருவியும் திரும்பும்.

இறுதியாக, ஆசிரியன் என்ற முறையிற் சில கூற விரும்புகின்றேன். 1990களில் வடக்கிலே பொருளாதாரத் தடையின்கீழ்ப் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் கிடைத்தற்கரியனவாயின. அக்காலத்தில், சிறிது பெற்றோல் விட்டு இயக்கித் தொடங்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றன. அக்கார்களை ஓடவைத்தவர்கள், கையில் இருந்த சில கருவிகளையும் தமது அறிவையும் மாத்திரம் துணைக்கொண்ட மெக்கானிக்குகள். அவர்களுட் பலர் எமது பாடசாலைகளிற் ‘படிப்பு வராதவர்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஊர் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. பாடசாலைகளும் கடன்பட்டிருக்கின்றன.

1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை எமது வகுப்பறைக்குக் கொணர்ந்தது. சில ஆண்டுகளில் அரசு மாற, அவையும் மறைந்தன. பெற்றோர் பலர் அவற்றைக் கூலிக்காரர் கல்வியென்று ஏளனம் செய்ததும் நினைவிற்கொள்ளத்தக்கது. இன்று நிலைமை மெல்ல மாறுகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்ற இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழினுட்பமும் கற்பிக்கப்படுகிறது. ஆனால், பயிற்சி நிலையம் வருமுன்னரே வீடு வருகிறது. நவராத்திரியில் ஆயுதபூசை நாளன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றோம். மறுநாள் அதே கருவியைப் பிள்ளை தொட்டால், ‘கை அழுக்காகும், புத்தகத்தை எடு’ என்று அதட்டுகின்றோம். இவ்விரண்டும் ஒருங்கு நிற்றல் முறையாகுமா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த விடுமுறை நாளிற் சில்லைக் கழற்றும்பொழுது, மகனை மாத்திரமன்றி மகளையும் அருகே அழையுங்கள். நட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குவது ஏன் என்று கேளுங்கள். உடனே விடை கூறிவிடாது அவர்களே கண்டறிய விடுங்கள். டோர்க் ரெஞ்ச் எழுப்பும் ‘கிளிக்’ ஒலியை அவர்கள் கையாலேயே கேட்கட்டும். நாளை இரவு நேரத்தில், தனியே, நெடுஞ்சாலையில் அம்மகளின் காரில் ரயர் வெடிக்குமாயின், அவளுக்கு உதவப் போவது அன்று முற்றத்திற் கற்ற அப்பாடமே.

கருவிகளை ஒவ்வொன்றாக வாங்குங்கள். தாங்கியை முதலில் வாங்குங்கள்.